மாங்கன்றின் பெற்றோரைக் காட்டும் நொதிகள்

கொட்டிவாக்கத்தில் வீட்டு முற்றத்தில் மாங்கன்று நடும்போது, விற்பவர் சொல்லும் ரகப் பெயரை நம்பியே வாங்குகிறோம். அது உண்மையா என்பது காய்த்த பிறகுதான் தெரியும். அதற்குள் சில ஆண்டுகள் கடந்துவிடும். ஆனால் இலையைக் கொண்டே சோதிக்கவும் வழி உண்டு.

நொதிகள் (என்சைம்கள்) பெரும்பாலும் புரதங்களே. ஒரே வேலையைச் செய்யும் நொதி, ரகத்துக்கு ரகம் சற்று மாறிய வடிவில் இருக்கலாம். இலைச்சாற்றைக் கூழ்ப்பலகையில் வைத்து மின்சாரம் செலுத்தினால் இவ்வடிவங்கள் வெவ்வேறு தூரம் நகரும். சாயமிட்டால் கோடுகளாகத் தெரியும். இம்முறைக்கு 1957இல் வழிகாட்டியவர்கள் ஹண்டர், மார்க்கர்ட் என்ற ஆய்வாளர்கள்.

ஒரு நொதிக்கான மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. பொதுவாக இரண்டின் வடிவங்களுமே வெளிப்படும். எனவே பெற்றோர் இருவரிடமும் இல்லாத வடிவம் கன்றில் இருந்தால், சொன்ன பெற்றோர் மீது சந்தேகம் எழும். வடிவங்கள் ஒத்துப்போவது மட்டும் முழுச் சான்றாகாது.

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மல்லிகாவைப் பாருங்கள். அதன் தாய் நம் ஊர் நீலம், தந்தை தசேரி. அம்ரபாலிக்கு தசேரி தாய், நீலம் தந்தை. பெற்றோர் அதே இருவர்தான். ஆனாலும் பழங்கள் வேறு. ஒவ்வொரு விதைக்கும் பெற்றோரின் மரபணுக்களில் வெவ்வேறு பாதியே சேர்கிறது.

அதனால்தான் நீலம் கொட்டையை நட்டால் நீலமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்றே தாய்மரத்தின் குணத்தை அப்படியே தரும். வாங்கும்போது ஒட்டுப்பகுதியைப் பாருங்கள்; அதற்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை நீக்கிவிடுங்கள். அவை வேறு மரத்தினுடையவை. இன்று டிஎன்ஏ சோதனை இன்னும் நுட்பமாக ரகத்தைப் பிரித்தறிகிறது.