கரிசற் சீமையிற் கண்ட கூட்டு ஊழியம்

ஒரு சமூகம் தன்னைத் தாங்கும்பொருட்டுத் திரட்டிய பொருளையும் உழைப்பையும் தன் எல்லைக்கு அப்பாலுள்ளார்க்கும் ஈயத் தொடங்கும் நாளே, அது முதிர்ச்சி எய்திய நாளாகும். இவ்வுண்மைக்குச் சான்று தேடித் தூர தேசங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நாம் உழுது விதைக்கும் திருநெல்வேலிச் சீமையிலேயே, கிறிஸ்தவ சபையாரின் சரித்திரத்தில் அது தெளிவாய்க் கிடக்கின்றது. நம் சங்கத்து அன்பர்களுள் பலர் வேறு சமயத்தினராயினும், நல்லது எங்குளதாயினும் அதனை நாடிக் கொள்வது தமிழர் வழக்கமாதலின், அதனை இங்கு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது வீரபாண்டிய கட்டபொம்மன் பெயரே. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அவ்வீரன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டை 1801ஆம் ஆண்டு மே மாதத்தில் வீழ்ந்தது. பின்னர் அது தரைமட்டமாக்கப்பட்டது. அப்போர்களில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகள் இன்றும் அவ்வூர்ப் புறத்தே உள. அக்காலத்துக் கரிசற்காட்டுக் குடியானவனை நோக்கி, ‘வெள்ளையர் கொணர்ந்தது யாது?’ என்று வினவியிருப்பின், அவன் பீரங்கியையே சுட்டியிருப்பான். கிறிஸ்து மார்க்கம் இப்பக்கத்துக்கு முற்றும் புதியதன்று. கோவிற்பட்டிக்கு அணித்தான காமநாயக்கன்பட்டியில், தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பணி புரிந்துள்ளார். ஆயினும், பாளையப் போருக்குப் பின் இங்கு வந்த ஊழியம் மக்கள் மனத்திற் பதிய வேண்டுமாயின், அது படையின் துணையோடு வராமல், இந்நாட்டு மக்களின் காலால் நடந்தும் கையால் கொடுத்தும் வர வேண்டியதாயிற்று. அஃது அங்ஙனமே வந்தது என்பதுதான் நாம் கூறப்புகுந்த செய்தி.

கட்டபொம்மன் மாண்ட அதே 1799ஆம் ஆண்டில், தென்பாற் பனங்காட்டில் முதலூர் என்னும் கிறிஸ்தவ ஊர் தோன்றியது. புதிதாகச் சமயம் மாறியோர் தம் ஊரில் இருக்கவொண்ணாது துன்புற்றபோது, தாவீது சுந்தரானந்தம் என்னும் தமிழ் உபதேசியாரின் முயற்சியால் அவர்கட்கெனத் தனி நிலம் வாங்கப்பெற்றது. பிறகு 1820ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர், இத்தகைய துன்பம் ஓர் ஊரோடு நில்லாமையைக் கண்டார். குடியிருக்கும் மனையும் உழும் நிலமும் பிறருடையனவாயின், ‘வெளியேறு’ என்னும் ஒரு சொல்லால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். ஆகவே, 1830ஆம் ஆண்டில் தர்ம சங்கம் என்னும் அமைப்பு எழுந்தது. சபையார் தத்தமக்கு இயன்றதைச் செலுத்தினர். அப்பொருளால் மனையும் நிலமும் வாங்கி, இடமற்றோர்க்கு இடமளித்தனர். கொடுத்தோருட் பலர் செல்வரல்லர். பனையேறியும் கூலி செய்தும் உண்டவர்.

அத்தகையோர் கொடுத்தது எங்ஙனம் எனின், அதற்கும் ஒரு முறை உண்டு. இல்லத்துப் பெண்மக்கள் உலைக்கு அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவர்; அது சேர்ந்து கோயிற்குச் செல்லும். ஒரு பிடி குறைந்தமையால் வீட்டில் எவரும் பட்டினி கிடந்ததில்லை. நூறு வீட்டுப் பிடிகள் கூடியபோதோ ஓர் உபதேசியாரின் குடும்பம் உண்டது. தருமம் செல்வர்க்கே உரியது என்னும் எண்ணத்தை இச்சிறு கலயம் மாற்றிவிட்டது.

நிற்க. இதுகாறும் கூறியது தம்மவரைத் தாம் தாங்கிய வரலாறு. இனிக் கூறுவது அதனினும் அரியது.

1854ஆம் ஆண்டில் ராக்லண்டு ஐயர் என்பார் வட திருநெல்வேலிக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் நான்காமவராகத் தேறிய இவர், பங்களாவை விரும்பாது கூடாரத்தில் வாழ்ந்து, பென், மெடோஸ் என்னும் தோழரோடு சிவகாசி, சாத்தூர் முதலிய பகுதிகளில் ஊர் ஊராய்த் திரிந்தார். ஆனால், நிலமோ பரந்தது, ஊர்களோ பல, வந்தவரோ சிலர். அப்போது தென்பகுதிச் சபையார் ஓர் ஏற்பாடு செய்தனர். அவரவர் வட்டத்து உபதேசிமாரை மாதத்திற்குச் சிலராக முறைவைத்து வடக்கே அனுப்புவது, அவர்தம் செலவைச் சபையாரே ஏற்பது என்பதே அது. ஒரு மாதம் முடிந்ததும் முன்சென்றோர் மீள, வேறு சிலர் வந்து சேர்வர். பனங்காட்டுச் செம்மணலில் நடந்து பழகிய கால்கள், மழைக்காலத்தில் முழந்தாள்வரை ஒட்டும் கரிசற் சேற்றிலும், கோடையில் பாளம் பாளமாய் வெடித்த நிலத்திலும் நடந்தன. அவர்கள் சென்றது உறவினர் ஊருக்கன்று. கொள்வினை கொடுப்பினை உள்ள இடத்துக்குமன்று. மொழியொன்றைத் தவிரப் பிறிதொரு பந்தமும் இல்லாதாரிடத்துச் சென்றனர். தெலுங்கு பேசும் ஊர்களில் அதுவும் முழுதாய் வாய்த்ததில்லை.

ராக்லண்டு ஐயர் 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் உயிர் நீத்தார். ஆனால், தென்பகுதிச் சபையார் கற்ற பாடம் அவரோடு மறையவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கு அணித்தான புதியம்புத்தூரிலும் நாகலாபுரத்திலும் பிறிதொரு மிஷன் சங்கத்தாரின் பணிநிலையங்கள் வளர்ந்தன. 1903ஆம் ஆண்டு பெப்ருவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் பொருள், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் முதற் காரியதரிசி. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று. 1912ஆம் ஆண்டில் அவர் அவ்வூருக்கே அத்தியட்சராய் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

இங்கு ஒரு குறையையும் மறைத்தல் தகாது. சமயம் மாறியதனால் சாதிச் சுவர் தானே விழுந்துவிடவில்லை. இரேனியுஸ் ஐயர் தம் விடுதி மாணவர் யாவரும் ஒருங்கே உண்ண வேண்டும் என்றபோது எதிர்ப்பு எழுந்தது. தென்பாலுள்ள வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலோ, இரு திறத்தார் தனித்தனியே நிற்றற்கென இரு பிரிவாகவே கட்டப்பெற்று, நடுவே சுவரும் எழுப்பப்பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சுவர் நீங்கியது. அதன்மேல் வழக்கும் நடந்தது. ஒரே கடவுளை வணங்குவோர் நடுவிலும் சுவர் எழக்கூடும். ஒரே பிடியரிசியை உண்டோர் நடுவிலோ அது நெடுநாள் நிற்பது அரிது. வழிபாட்டில் ஒன்றுபட்டது போதாது. பணியிலும் ஒன்றுபட வேண்டும் என்பதற்கு இவ்விரண்டினும் சிறந்த சான்று வேறில்லை.

அன்பர்காள்! பிடியரிசி நமக்கும் அயலானதன்று. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் பெற்ற பிடியரிசியாலும் வணிகர் மகமையாலும் வளர்ந்ததையும், அதன் கதவு எல்லாச் சமூகத்துப் பிள்ளைகட்கும் திறந்திருந்ததையும் நாம் அறிவோம். சங்கம் என்பது வேலி போன்றது. இளம்பயிருக்கு வேலி வேண்டும். ஆனால் விளைந்த கதிரை வேலிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவார் உளரோ? நம் சங்கத்துக் கல்வி நிதி, விடுதி, மகமைத் தொகை ஆகியவற்றைப் பற்றி ஆண்டுக் கூட்டத்தில் பேசும்போதெல்லாம், ‘நம்மவர்க்கு எவ்வளவு?’ என்னும் கேள்வி தவறாமல் எழுகின்றது; அது நியாயமே. அதனோடு, ‘நம்மவரல்லாத ஏழைக்கு எவ்வளவு?’ என்னும் கேள்வியும் எழுமாயின், நம் சங்கமும் முதிர்ந்ததாகும்.

தென்சபையார் தம்மவர்க்கு நிலம் வாங்கியதனால் உயிர் பிழைத்தனர்; அயலார்க்கு ஆள் அனுப்பியதனால் பெருமை பெற்றனர். பிழைத்தல் நமக்கு ஒருவாறு கைகூடிற்று. இனிப் பெருமைக்குரியதைச் செய்வோமாக.