அரிப்பை அரிக்கும் கடல்

"பொறியியல் வேண்டாம், எல்லாரும் வாசிக்கக்கூடியதாக ஒன்று எழுதித் தாரும்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஆகவே உங்களை ஒரு சிறு நடைக்கு அழைக்கிறேன்.

மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகும் வழியில், அருவியாறு கடலில் விழும் இடத்துக்கு அண்மையில் இருக்கிறது அரிப்பு. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் வைத்திருந்த சிறு கோட்டையொன்று இங்குண்டு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடங்கள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பி வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே நடக்கவேண்டும். ஏற்ற இறக்கம் இல்லை, சின்னப்பிள்ளைகளும் நடக்கலாம். நிழல் குறைவு, காலையிலேயே வெளிக்கிடுவது நல்லது.

செம்மண் மேட்டின் விளிம்பில் இடிந்த கட்டடமொன்று தெரியும். வழியில் நான் விசாரித்தவர்கள், "அல்லிராணி கோட்டையோ? நேரே போங்கோ" என்றார்கள். உண்மையில் இது முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெட்றிக் நோத் 1801 தொடக்கம் 1804 வரை கட்டுவித்த மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்களால் 'டோரிக்' என்று பெயர் பெற்றது.

இந்த வெறுங்கரையில் தேசாதிபதிக்கு என்ன வேலை? முத்து! மாசி, பங்குனியில் இங்கே ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று பல இடத்துக் குளியாளர்கள் கூடுவார்கள். இரவு பீரங்கி வெடித்ததும், கரைக்காற்றில் வள்ளங்கள் புறப்படும். மறுநாள் கடற்காற்றில் திரும்பும். குளிப்பவர் கல்லில் காலூன்றி இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி அள்ளுவார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்குதான் உயிரைப் பணயம் வைத்தவனுக்கு. 1906இல் முத்துப்பார்களை லண்டன் கம்பனியொன்று குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பல வருடங்கள் குளிக்கச் சிப்பியே இல்லை.

இனி என் தொழில்புத்தி கொஞ்சம். தூரத்தில் சலவைக்கல்போலத் தோன்றிய அந்தத் தூண்கள் வெறும் செங்கல். மேலே பூசியது சிப்பி சுட்ட சுண்ணாம்பு. முத்தைத் தந்த கடலே பூச்சையும் தந்திருக்கிறது. இப்போது அதே கடல் மேட்டின் அடியை அரிக்கிறது. அடிமண் போனால் மேல்மண் சரியும், அதோடு சுவரும் போகும். கட்டடத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டது. அலைதாங்கிக் கல் போடலாம். ஆனால் அதற்குக் காசும் காலமும் வேண்டும். தவறாகப் போட்டால் பக்கத்துக் கரையை அரித்துவிடும்.

அளவெடுக்க மட்டும் யாரையும் காத்திருக்கத் தேவையில்லை. தம்பி தங்கையரே, ஒரு விடுமுறையில் அளவுநாடாவும் கமராவும் கொண்டு போங்கள். மேட்டின் விளிம்பில் ஏறவேண்டாம். நிற்கும் தூண்களை வரையுங்கள். கடலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை வருடாவருடம் குறியுங்கள். முத்துக்குளிப்பைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். குளித்தவர்களுக்கு மாளிகை இல்லை. அந்தப் பேச்சு மட்டுந்தான் மிச்சம். பழைய மாணவர் சங்கம் பயணச் செலவை ஏற்குமானால், கூட வர நான் தயார்.