நாடு, மாவட்டம், வீடு: திருகோணமலையில் கல்விச் சமவாய்ப்பின் அலகு மாறிய வரலாறு (1945–2022)

ஆய்வுச் சிக்கல்

கொவிட் பெருந்தொற்றை அடுத்து இலங்கையின் பாடசாலைகள் 2020 மார்ச் 13இல் மூடப்பட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவை திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. அக்கால நிகழ்நிலைக் கற்பித்தல் குறித்த பேச்சு பெரும்பாலும் யாரிடம் தொலைபேசி இருந்தது, எங்கே சிக்னல் கிடைத்தது என்பதோடு முடிந்துவிடுகிறது. அவை அவசியமான கேள்விகளே. ஆனால் கல்வியில் நியாயம் என்பதை அரசு எந்த அலகைக் கொண்டு அளந்துவந்தது என்ற கேள்வி அவற்றுக்கு முந்தியது. முதலில் நாடும் பின்னர் மாவட்டமும் அலகாயின. வகுப்பறை வீட்டுக்குள் நுழைந்தபோது வீட்டை அலகாகக் கொள்ள எவரும் முன்வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருகோணமலை இதற்குப் பொருத்தமான களம். மூவின மக்களும் கணிசமாக வாழும் இம்மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள். துறைமுக நகருக்கும் வெருகலுக்கும் குச்சவெளிக்கும் இடையிலான வேறுபாடு ஒரே மாவட்டப் பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நாடு அலகாக இருந்த காலம்

இங்கு நவீனக் கல்வி நகரில்தான் வேரூன்றியது. மெதடிஸ்த, கத்தோலிக்க மிஷன்கள் நகரில் பாடசாலைகளை நிறுவின. 1897இல் தொடங்கிய இந்துக் கல்லூரி 1925இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்தது. சுவாமி விபுலானந்தரின் பணி அதற்குத் துணையானது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்களுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுவே இன்றைய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி.

அப்போதைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயின. இவை அனைத்தும் நாட்டின் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் வைத்தவை. பாடசாலை வாசலுக்கு உட்பட்ட செலவை அரசு படிப்படியாக ஏற்றுக்கொண்டது. வாசலுக்கு வெளியே உள்ள செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே நின்றது.

அந்தச் செலவில் முதன்மையானது வழி. கொட்டியாரக் குடாவும் மகாவலியின் கிளைகளும் மாவட்டத்தின் தென்பகுதியைத் துண்டாடுகின்றன. நகரிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போக நீண்டகாலம் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஏனைய பாலங்கள் 2011இல் வந்தன. இதற்கிடையே 2004 ஆழிப்பேரலையும், 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்களின் இடப்பெயர்வும் ஒரு தலைமுறையின் படிப்பைக் குலைத்தன.

மாவட்டம் அலகானபோது

1971இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக அனுமதிக்குள் வந்தன. யாழ்ப்பாண மாணவருக்கு இவை பேரிழப்பு. தமிழரின் அரசியல் கசப்புக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. அதே மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக வாசலைச் சற்று அகலமாக்கியது என்பதையும் மறுக்க முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நடைமுறையிலிருந்த விகிதம் இது: அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப 55 வீதம், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று.

இந்த ஏற்பாடு திருகோணமலை மாணவரைக் கொழும்பு மாணவரின் போட்டியிலிருந்து ஓரளவு காக்கிறது. வெருகல் பிரிவின் ஈச்சிலம்பற்று மாணவரை நகரத்து மாணவரின் போட்டியிலிருந்து காப்பதில்லை. இருவரும் ஒரே மாவட்டத் தரவரிசையில்தான் நிற்கிறார்கள். நகரப் பாடசாலையின் ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் இந்த இடைவெளியை ஏற்கெனவே வளர்த்திருந்தன. நிகழ்நிலைக் கற்பித்தல் வந்து சேர்ந்தது இந்த நிலத்தில்தான்.

வகுப்பறை வீட்டுக்குள் வந்தது

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. உயர்தர மாணவருக்கு டெப் கணினி வழங்குவதாக 2017ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்டது நிறைவேறவில்லை. எனவே 2020இல் வகுப்பு என்பது வட்ஸ்அப் குழுவில் வந்து விழும் செயலட்டையாகவும் வசதியுள்ள இடங்களில் சூம் வகுப்பாகவும் ஆயிற்று. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தை டேட்டாக் கட்டணமின்றிப் பார்க்க முடிந்தது. ‘குருகெதர’ தொலைக்காட்சி வகுப்பு தமிழிலும் வந்தது. ஆனால் விளங்காத இடத்தில் பிள்ளை கேள்வி கேட்பதற்கு இவற்றில் வழியில்லை. கேட்கக்கூடிய வழிகளுக்கோ டேட்டாவுக்குப் பணம் வேண்டும்.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. பல்கலைக்கழக மாணவர்கள் உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பினூடாகச் சூம் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்க ஏற்பாடு செய்யப்பட்டது. தெரிவாகி உள்ளே போனவருக்குக் கிடைத்த சலுகை, தெரிவுக்காகப் போராடிக்கொண்டிருந்த பாடசாலை மாணவருக்குக் கிடைக்கவில்லை.

வீடு தனக்குள்ளேயும் சமமானதன்று. ஒரு தொலைபேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில், பரீட்சைக்குத் தோற்றும் மூத்த பிள்ளைக்கு முதலிடம் கிடைக்கும். தகப்பன் தொலைபேசியோடு கடலுக்குப் போய்விட்டால் அன்றைய பாடம் அவர் கரை திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். வரவுப் பதிவில் இந்தப் பிள்ளை ‘வராதவர்’. ஏன் வரவில்லை என்பதற்கு அதில் இடமில்லை.

ஆசிரியர்களும் டேட்டாவைத் தம் சொந்தச் செலவிலேயே வாங்கினர். தொழிற்சங்கத் தலைவர்கள் கைதானதைக் கண்டித்தும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரியும் 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. அக்டோபர் வரை நீடித்த அந்த இடைவெளியில், கட்டணம் செலுத்தக்கூடியவருக்குத் தனியார் சூம் வகுப்பு எஞ்சியது. மற்றவருக்கு அதுவும் இல்லை.

200க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட ஆரம்பப் பாடசாலைகள் 2021 அக்டோபர் 21இல் முதலில் திறந்தன. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 23 காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். நேரடிக் கற்பித்தலுக்குத் திரும்பினால் நியாயமும் திரும்பிவிடும் என்ற எண்ணத்துக்கு இந்த விபத்து இடம் தரவில்லை. நிகழ்நிலையில் டேட்டாவாக இருந்த தடை, நேரில் கடக்க வேண்டிய நீராக இருந்தது. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை நீண்டபோதும், எரிபொருள் இன்றி நாட்டின் முக்கிய நகரங்களின் பாடசாலைகள் மீண்டும் நிகழ்நிலைக்கு மாறியபோதும், மின்சாரமும் எரிபொருளும் அந்தத் தடைகளோடு சேர்ந்துகொண்டன.

முடிவுரை

வீட்டை அளப்பது அரசுக்குப் புதிய வேலையல்ல. 1981இல் சட்டபூர்வமான மகாபொல நிதியம் குடும்ப வருமானம் பார்த்தே பல்கலைக்கழக மாணவருக்கு உதவித்தொகை வழங்குகிறது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் கொடுப்பனவும் அப்படியே. ஆனால் இவை இரண்டும் தெரிவு முடிந்தபின் வரும் உதவிகள். தெரிவுக்கு முந்திய கற்றலில் வீட்டின் நிலை கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதே 2020–22 அனுபவம் வெளிப்படுத்தும் குறை.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை எல்லா மட்டங்களிலும் கல்விக்கான சமமான அணுகலை அரசின் கொள்கையாகச் சொல்கிறது. அதை நீதிமன்றில் உரிமையாகக் கோர முடியாது. எனவே நியாயம் நிர்வாக ஏற்பாட்டிலேயே தங்கியிருக்கிறது. பாலத்தைப் பொதுச் செலவில் கட்டுவது இயல்பு என்று ஏற்கும் அரசு, பாடசாலைக் கற்றலுக்கான டேட்டாவையும் அதே கணக்கில் சேர்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் கருவி, மின்சாரம், அமர்ந்து படிக்க இடம் எவை உண்டு என்ற பதிவேட்டை வலயக் கல்வி அலுவலகங்கள் பேணலாம்; இல்லாதவருக்கு அண்மைய பாடசாலையையோ நூலகத்தையோ திறந்துவிடலாம். இவை பாடசாலைகள் திறந்திருக்கும் காலத்திலேயே முடிக்க வேண்டிய வேலைகள். மூடிய பின் தொடங்கினால், மாவட்டச் சராசரியை வைத்தே மறுபடியும் திட்டமிட வேண்டிவரும்.