நீலக் கூரைகளின் கணக்கு

நம் ஜமாஅத்தாரில் கட்டட வேலை செய்வோர் கணிசமாக உள்ளனர். நாலைந்து ஆட்களை வைத்து வேலை எடுக்கும் மேஸ்திரிமார்கள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. அரசு வேலைக்கு டெண்டர் போடும் தகுதி தங்களுக்கு இல்லையென்று ஒதுக்கிவிடுகிறார்கள். பின்னர் அதே வேலையை, டெண்டர் எடுத்தவரிடம் பாதி விலைக்கு வாங்கித் தாங்களே செய்து கொடுக்கிறோம் என்பார்கள். இது நம் நாட்டுக்கே உரிய குறை என்று எண்ணியிருந்தோம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்ததைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அக்கடற்கரையைத் தாக்கியது. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கிற்று. நீர் ஏறாத வீடுகளிலும் கூரைகள் பிய்ந்து கிடந்தன. மழை உள்ளே இறங்காதிருக்க நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரைமீது போர்த்தி, மரச்சட்டம் வைத்து ஆணியடித்துத் தரும் பணியை மத்திய அரசு தன் செலவில் மேற்கொண்டது. வீட்டுக்காரர் தம் வீட்டில் நுழைய அனுமதி எழுதிக் கொடுத்தால் போதும். காசு தர வேண்டியதில்லை. இராணுவப் பொறியாளர் படை இப்பணியை நடத்திற்று.

கூரை வேலையில் அங்கே நூறு சதுர அடியை ஓர் அலகாகக் கொள்வர். நம் கொத்தனார்கள் 'ஒரு சதுரம்' என்கிறார்களே, அதே அளவுதான். முதன்மை ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்கு ஒரு சதுரத்துக்கு 175 டாலர் கொடுக்கப்பட்டது. இத்தனைக்கும் விரிப்பை அரசே வழங்கிற்று. அந்நிறுவனம் தனக்குக் கீழே ஒருவருக்கு வேலையைக் கொடுத்தது. அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். அவரும் தமக்குக் கீழே ஆள் பிடித்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு நின்றுவிட, கூரையேறி ஆணியடித்தவரின் கைக்கு எட்டியது மிகச் சொற்பமே. உள்ளூர் நாளேடு அவ்வாண்டு இறுதியிலேயே இப்படிகளை எண்ணி வெளியிட்டது.

உள்ளூர்க் கூரைக்காரர்கள் நேரே விலை கூறியிருக்கலாகாதா என்ற கேள்வி எழும். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. ஒரு இலட்சம் டாலருக்கு மேற்பட்ட மத்திய அரசுக் கட்டுமானப் பணிகளை எடுப்பவர், 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டப்படி, வேலையை முடித்துத் தருவதற்கு ஒன்றும், கூலியும் பொருள்விலையும் கொடுப்பதற்கு ஒன்றுமாகப் பிணைப்பத்திரங்கள் காட்ட வேண்டியிருந்தது. பிணை நிற்கும் நிறுவனமோ கணக்கேடுகளையும் கையிருப்பையும் பார்த்தே பிணை நிற்கும். தன் வீடும் வண்டியும் கருவிகளும் கணக்கேடும் ஒருசேர வெள்ளத்தில் போனவன் எதைக் காட்டுவான்? போதாக்குறைக்கு, அரசு வேலை எடுப்பவர் கணினி வழியாக மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. நகரிலோ மின்சாரமே இல்லை. அன்றியும் வேலை வீடு வீடாகப் பிரிக்கப்படவில்லை. பெரும் பரப்புகளாகக் கட்டிக் கொடுக்கப்பட்டது. கீழ்ப்படியில் உள்ளவனிடம் இவ்வளவு கேட்பாரில்லை. ஆதலால் சிறியவன் நுழையக்கூடிய வாசல் அது ஒன்றாகவே இருந்தது.

அரசின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மழை காத்திருக்காது, ஆயிரம் சிறு ஒப்பந்தங்களை எழுதி மேற்பார்க்க அதிகாரிகள் போதார். பெரிய நிறுவனங்களோடு பேரிடருக்கு முன்பே ஒப்பந்தம் செய்து வைப்பது அப்படையின் வழக்கம். ஆயினும் அவ்விரைவுக்கான விலையைக் கொடுத்தவர் யார் என்பதே நம் கேள்வி. அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமானத்தில் வட்டார வழக்கக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்னும் 1931ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் புஷ் 2005 செப்டம்பர் 8 அன்று அப்பகுதிகளில் நிறுத்தி வைத்தார். எதிர்ப்பு எழுந்தபின் நவம்பர் 8 அன்றே அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவ்விரண்டு மாதங்களில் வேலை செய்த கூலியாளுக்கு, மேலே நிற்கும் படிகளும் துணையில்லை, சட்டமும் துணையில்லை.

2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் இரண்டு திருத்தங்கள் செய்தது. பேரிடர்ப் பகுதியின் உள்ளூர் நிறுவனங்களுக்கென்றே சில ஒப்பந்தங்களை ஒதுக்கி வைக்கலாம் என்றது ஒன்று. பேரிடர்ப் பணி எடுத்தவர் ஒப்பந்தச் செலவில் 65 விழுக்காட்டுக்கு மேல் கீழே பிரித்துக் கொடுப்பதைத் தடுக்க விதி வகுக்கப்பட வேண்டும் என்றது மற்றொன்று.

அதே ஆண்டில் லூசியானா மாநிலம் வேறு வழியொன்றையும் தொடங்கிற்று. மத்திய அரசின் நிதியைக் கொண்டு வீட்டுக்காரருக்கே 150,000 டாலர் வரை கொடுத்து, ஆளை அவரே அமர்த்திக்கொள்ளச் செய்தது. பெரிய ஒப்பந்தக்காரர் இடையில் இல்லாததால் சிறிய கூரைக்காரருக்கும் தச்சருக்கும் நேரே வேலை கிடைத்தது. எனினும் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களும் இருந்தனர். இன்னொரு குறை கணக்கிலேயே இருந்தது. வீட்டின் பழைய சந்தை விலை, பழுதுச் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதனையே அடிப்படையாகக் கொண்டனர். கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு விலை குறைவு. சிமெண்டும் பலகையும் மட்டும் எல்லாத் தெருவிலும் ஒரே விலைதான். ஆகவே பாதி வேலையில் பணம் தீர்ந்து, மேஸ்திரி இறங்கிப் போன வீடுகள் அத்தெருக்களில் மிகுந்தன. 2008இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2011இல் உடன்பாட்டில் முடிந்து, விடுபட்ட வீட்டுக்காரர்களுக்கென 62 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. சூறாவளி அடித்து அப்போது ஆறாண்டுகள் ஆகியிருந்தன.