அழியாத நீர்மேல் எழுத்து

உங்கள் பர்ஸில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தால் எடுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெறுமையாகக் கிடந்த இடத்திலிருந்து காந்தித் தாத்தா மெல்ல எட்டிப் பார்க்கிறாரா? அதுதான் வாட்டர்மார்க். தமிழில் நீர்க்குறி.

'நீர்மேல் எழுத்து' என்றால் நிலைக்காத சமாசாரம் என்பார்கள் நம் ஊரில். இந்த நீர் எழுத்தோ எழுநூறு வருஷங்களைத் தாண்டியும் அழியாமல் நிற்கிறது!

ஆரம்பித்து வைத்தவர்கள் இத்தாலியில் ஃபாப்ரியானோ என்ற ஊரின் காகிதக்காரர்கள். அங்கே 1282-ம் ஆண்டிலேயே நீர்க்குறி போட்டுவிட்டார்கள். ரகசியம் ரொம்ப எளிது. கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளுவார்கள். அந்தச் சல்லடை மேல் கம்பியை வளைத்து ஓர் உருவம் தைத்துவிட்டால் போதும். கம்பி இருக்கும் இடத்தில் கூழ் கொஞ்சம் மெலிசாகப் படியும். காய்ந்த பிறகு வெளிச்சம் அந்த வழியாகக் கூடுதலாக நுழையும். 'இது எங்கள் பட்டறைச் சரக்கு' என்று சொல்லத்தான் இந்த ஏற்பாடு.

அதைக் காவல்காரனாக்கியது பணம். 1694-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து பிறந்தது. மறு வருஷமே கள்ள நோட்டும் பிறந்தது! பதறிப்போன வங்கி, 1697-ல் நீர்க்குறி போட்ட காகிதத்துக்கு மாறியது. அதுவும் போதவில்லை. அந்தக் குறியை நகலெடுத்தால் மரண தண்டனை என்று 1773-ல் சட்டமே வந்தது.

அப்படியும் ஒரு கில்லாடி கிளம்பினார். பெயர் ஜான் மாத்திசன். நோட்டை மட்டுமல்ல, நீர்க்குறியையும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டார். வங்கிக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். கடைசியில் மாட்டிக்கொண்டபோது அவர் ஒரு பேரம் பேசினார்: 'என் உயிரை விட்டுவிடுங்கள். நீர்க்குறியை எப்படிச் செய்தேன் என்று சொல்லித் தருகிறேன்.' வங்கி மறுத்தது. 1779-ல் ரகசியத்தோடு தூக்குமேடை ஏறினார் மாத்திசன்.

சரி, காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். 1990-களின் நடுவில் வாடிகன் நூலகத்தின் பழைய ஏடுகளைப் படமெடுத்து இன்டர்நெட்டில் வைக்கும் வேலை நடந்தது. உலகமே பார்க்க வேண்டும். ஆனால் எவனும் திருடி அச்சடித்து விற்கக் கூடாது. என்ன வழி? ஐ.பி.எம். விஞ்ஞானிகள் பழைய வைத்தியத்தையே கையில் எடுத்தார்கள். படத்தின் மேல் நூலகத்தின் முத்திரை மங்கலாகத் தெரியும். படிப்பவருக்கு இடைஞ்சல் இல்லை, திருடுகிறவனுக்குத் தலைவலி!

திருடனும் சும்மா இருப்பானா? 2017-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார்கள். ஒரே முத்திரையை ஆயிரக்கணக்கான படங்களில் ஒரே மாதிரி குத்தினால், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரையைத் தனியாகப் பிரித்துத் துடைத்துவிடும். மருந்தையும் அவர்களே சொன்னார்கள்: ஒவ்வொரு படத்திலும் முத்திரையைத் துளி நெளித்துப் போடுங்கள். மாத்திசன் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

இப்போது ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். வாடிக்கையாளர் கணக்கு, நோயாளியின் ரிப்போர்ட், சம்பளப் பட்டியல்... எல்லாமே பிரவுசரில்தான் திறக்கின்றன. டவுன்லோடைத் தடுக்கலாம், பிரின்ட்டைத் தடுக்கலாம். ஸ்கிரீனுக்கு நேராகச் செல்போனை நீட்டிப் படம் எடுப்பவனை எந்தப் பூட்டு தடுக்கும்? அதனால்தான் பக்கம் முழுக்கச் சாய்வாக, மங்கலாக, திரும்பத் திரும்ப ஒரு வரி: பார்ப்பவரின் ஈமெயில் முகவரி, தேதி, நேரம். எத்தனை படம் எடுத்தாலும் எடுத்தவர் கணக்கும் சேர்ந்தே வரும்.

முதலில் இதை வெப்சைட்டுகளே போட்டுப் பார்த்தன. விவரம் தெரிந்த ஆசாமிகள் பக்கத்தின் உள்கட்டமைப்பைத் திறந்து அந்த வரியை மட்டும் அழித்தார்கள். பிறகு நிறுவனங்களுக்கான குரோம் போன்றவற்றில் பிரவுசரே பக்கத்தின் மேல் அதை வரையும் வசதி வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். குறி என்பது பூட்டு அல்ல, சாட்சி. சாட்சி எவ்வளவு பேசும்?

2017-ல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்ற இளம்பெண், தேர்தலில் ரஷ்யாவின் ஊடுருவல் முயற்சி பற்றிய ரகசிய அறிக்கை ஒன்றைப் பிரின்ட் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். வெளியான தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள்! பிரின்ட்டரின் எண்ணும், எடுத்த தேதியும் நேரமும் அதில் இருந்தன. அவர் மாட்டியதே புள்ளிகளால்தான் என்று பலர் நினைத்தார்கள். எஃப்.பி.ஐ. நீதிமன்றத்தில் சொன்னது வேறு: அந்த அறிக்கையைப் பிரின்ட் எடுத்தவர்கள் ஆறு பேர், அதில் ஒருவர் மட்டுமே அந்தப் பத்திரிகையோடு ஈமெயில் தொடர்பு வைத்திருந்தார். 2018-ல் அவருக்கு 63 மாதச் சிறை.

புள்ளி 'எந்த மிஷின், எப்போது' என்றுதான் சொல்லும். 'யார்' என்று சொல்ல மனுஷன் விசாரிக்க வேண்டும். பிரவுசரில் உங்கள் பெயர் தெரிந்தால் அது உங்கள் கணக்குக்குச் சாட்சி. உங்கள் கைக்கு அல்ல. நீங்கள் டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில் பக்கத்து ஸீட்காரர் எடுத்த படத்திலும் உங்கள் பெயர்தான் இருக்கும்! ஆகவே, எழுந்து போகும்போது ஸ்கிரீனைப் பூட்டிவிட்டுப் போங்கள். விசாரிக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், குறியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நீங்களும் ஒரு நீர்க்குறி போடலாம், தெரியுமோ? ஆதார் ஜெராக்ஸை யாரிடமாவது நீட்டும்போது, குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: 'இன்ன வேலைக்கு மட்டும்', பக்கத்தில் தேதி, கையெழுத்து. எழுத்து படத்தின் மேலும் கொஞ்சம் ஏறி நிற்கட்டும். ஓரமாக எழுதினால் வெட்டிவிடுவார்கள். திருட்டை அது நிறுத்திவிடாது. ஆனால், அந்தத் தாள் வேறு எங்காவது தலைகாட்டினால், எங்கிருந்து கிளம்பியது என்று அதுவே சொல்லிவிடும்.

ஃபாப்ரியானோக்காரர்கள் கம்பியில் செய்ததை, நீங்கள் மூன்று ரூபாய்ப் பேனாவில் செய்கிறீர்கள். அவ்வளவுதான்!