பல்லாவரம் சார்னோக்கைட் குன்றுகள்

சென்னையின் தெற்குப் புறநகரான செம்பாக்கத்துக்கு வடக்கே பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை என விட்டுவிட்டு எழும் கருங்கல் குன்றுகள், மறைந்துபோன பழைய மலைத்தொடர் ஒன்றின் அடிவேர்கள். இவற்றின் முதன்மைப் பாறை சார்னோக்கைட். உலகப் பாறையியலில் இப்பெயருக்கு மூல இடம் இதுவே. கல்கத்தாவில் புனித யோவான் தேவாலய வளாகத்திலுள்ள, கிழக்கிந்திய நிறுவன அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகையை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கத்துக் கல் எனக் கண்டு, 1893-இல் சார்னோக்கின் பெயரையே பாறைக்கும் சூட்டினார். 1900-இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அவருடைய விரிவான நூல், சிலிக்கா மிகுந்த வெளிர் வகை முதல் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரிய வகை வரை எல்லாவற்றையும் ஒரே பாறைக்குழம்பு வழிவந்த வரிசையாக வகுத்தது. 1955-இல் பாறையியலாளர் ஹோவி, வேதிப் பகுப்பாய்வின் துணையோடு, இவை தீப்பாறைகளாகப் பிறந்து பின்னர் ஆழத்தில் மறுபடிகமானவை என்றார். 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம் இதே குன்றுகளை மீண்டும் ஆராய்ந்து ஹாலண்டின் வரிசையைக் கலைத்தார். கரிய வகைகளைப் பிரித்துவிட்டு, ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் கொண்ட கிரானைட் வகைக்கு மட்டும் பெயரை நிறுத்தினார். பிறப்பைப் பொறுத்தவரை ஹோவியின் விளக்கமே பொருந்துகிறது.

பரங்கிமலையின் உயரம் ஏறத்தாழ 300 அடிதான். அதை மலைத்தொடரின் எச்சம் என்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய உயரம் அரிப்புக்குத் தப்பிய கல்லின் கெட்டித்தன்மையையே காட்டுகிறது. பழைய சிகரங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆழத்தில் மறுபடிகமானதன் அடையாளமாகக் கருதப்படும் ஹைப்பர்ஸ்தீன், பாறைக்குழம்பிலிருந்தே நேராகப் படிகமாகலாம், ஆகவே அது மட்டும் ஆழத்துக்குச் சான்றாகாது என்பது வலுவான மறுப்பு. அதற்கு விடை பக்கத்துப் பாறையில் இருக்கிறது. சார்னோக்கைட்டோடு சேர்ந்தே கிடக்கும் கார்னெட், சில்லிமனைட் கொண்ட கொண்டலைட், ஒரு காலத்தில் மேற்பரப்பில் படிந்த களிமண். அது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தையும், 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தின் அழுத்தத்தையும் பட்டு மீண்டிருக்கிறது. மேற்பரப்புச் சேற்றை அவ்வளவு ஆழம் அழுத்துவதற்கு நிலத்தட்டுகள் நெருங்கி மலை எழும் நிகழ்வைத் தவிர வேறு காரணம் காட்டுவது கடினம். இப்பாறைகளின் சிர்க்கான் படிகங்கள் தரும் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

ஒப்பிட்டால், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டில் கலிடோனிய மலைத்தொடர் உருவாகி 40 கோடி ஆண்டுகளே ஆகின்றன. பனியாறுகள் செதுக்கிய அந்தத் தீவுகளில் மரமோ தடித்த மண்ணோ பாறையை மறைப்பதில்லை; குன்றின் ஒரு பக்கத்திலிருந்தே மடிப்புகளைத் தொடர்ந்து பார்க்கலாம். பல்லாவரத்திலோ மண்ணும் வீடுகளும் மூடிய பாறையைக் கல்குவாரிகளே திறந்து காட்டின. பாறைகளின் தொடுகோடுகளைக் குவாரிச் சுவரில்தான் படிக்க முடிந்தது என்பதால், இங்கு நடந்த ஆய்வு கல்லுடைப்போருக்கும் கடன்பட்டது. (1863-இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே கண்டெடுத்த கற்கோடரி பெற்ற புகழில் சிறுபங்குகூட இப்பாறைக்கு உள்ளூரில் கிடைத்ததில்லை.) தற்போது குவாரிகள் பல நீர் நிறைந்த பள்ளங்களாக உள்ளன; பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.