தேவுச்சா-பச்சாமி நிலக்கரித் திட்டம்: அமைவிடமும் உரிமையும்

மேற்கு வங்க மாநிலத்தின் பீர்பூம் மாவட்டத்தில் அமையவுள்ள தேவுச்சா-பச்சாமி நிலக்கரித் திட்டம், நாட்டின் மிகப் பெரிய நிலக்கரித் திட்டங்களுள் ஒன்றாகும். தேவுச்சா-பச்சாமி, திவான்கஞ்ச்-ஹரிசிங்கா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய இந்தத் தொகுதியில் சுமார் 210 கோடி டன் நிலக்கரி இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

அமைவிடம்

ஜார்க்கண்ட் எல்லையையொட்டிய முகமது பஜார் ஒன்றியத்தில் சுமார் 3,400 ஏக்கர் பரப்பில் இத்தொகுதி பரவியுள்ளது. சந்தால் பழங்குடியினர் பெருமளவில் வாழும் பகுதி இது. வேளாண்மையும், கருங்கல் குவாரிகளிலும் கல் உடைக்கும் ஆலைகளிலும் கிடைக்கும் கூலி வேலையும் மக்களின் முக்கிய வாழ்வாதாரங்கள்.

நிலக்கரிப் படுகையின் மேல் பல இடங்களில் நூறு மீட்டருக்கும் அதிகமான தடிமனில் பசால்ட் எனப்படும் எரிமலைப் பாறை படிந்துள்ளது. அதனை அகற்றிய பின்னரே நிலக்கரியைத் திறந்தவெளி முறையில் வெட்டியெடுக்க இயலும். இதனால் செலவும் காலமும் கூடுகின்றன. அதேவேளையில், வெட்டியெடுக்கப்படும் பாறை கட்டுமானப் பணிகளுக்கு விற்கத்தக்கது என்பதால், அதுவே தனியொரு வருவாய் ஆதாரமாகவும் கருதப்படுகிறது.

உரிமை யாருக்கு?

தொடக்கத்தில் இத்தொகுதி மேற்கு வங்கம், பிகார், உத்தரப் பிரதேசம், பஞ்சாப், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய 6 மாநிலங்களுக்கும், சட்லஜ் நீர்மின் நிறுவனத்துக்கும் கூட்டாக ஒதுக்கப்பட்டது. பின்னர் ஏனைய பங்காளர்கள் விலகிக்கொண்டதால், மேற்கு வங்க மின் மேம்பாட்டுக் கழகத்துக்கே முழுமையாக வழங்கப்பட்டது. இதற்கான ஒப்பந்தம் 2019 டிசம்பரில் மத்திய நிலக்கரி அமைச்சகத்துடன் கையெழுத்தானது. மாநில அரசுக்கு முழுவதும் சொந்தமான இக்கழகம் பக்ரேஷ்வர், சாகர்திகி, கோலாகாட் உள்ளிட்ட அனல்மின் நிலையங்களை நடத்தி வருகிறது.

நிலக்கரியை எடுக்கும் உரிமை கழகத்திடம் இருப்பினும், மேற்பரப்பு நிலம் முழுவதும் அதற்குச் சொந்தமன்று. அரசு நிலம், வன நிலம் ஆகியவற்றுடன் தனியார் பட்டா நிலங்களும் இதில் அடங்கும். அவற்றுள் பழங்குடியினரின் நிலங்களும் உள்ளன.

மறுவாழ்வும் எதிர்ப்பும்

சுமார் ரூ.35,000 கோடி முதலீட்டிலான இத்திட்டத்துக்கு ரூ.10,000 கோடி மறுவாழ்வுத் தொகுப்பை முதல்வர் மம்தா பானர்ஜி 2021 நவம்பரில் சட்டப்பேரவையில் அறிவித்தார். நிலத்துக்கு விலை, மாற்று வீடு, குடும்பத்தில் ஒருவருக்குக் காவல் துறையில் வேலை ஆகியவை அதில் இடம்பெற்றன. திட்டப் பகுதியில் 4,314 வீடுகளும் 21,000-க்கும் மேற்பட்ட மக்களும் இருப்பதாகவும், அவர்களில் 9,034 பேர் பழங்குடியினர் என்றும் அரசு தெரிவித்தது.

நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தாமல், விருப்பம் தெரிவிப்போரிடம் நேரடியாக வாங்குவதாக அரசு கூறுகிறது. ஆனால், இம்முறையால் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வலியுறுத்தும் சமூகத் தாக்க மதிப்பீடு தவிர்க்கப்படுவதாக எதிர்ப்பாளர்கள் குற்றம்சாட்டுகின்றனர். பட்டா இல்லாமல் பயிரிடுவோரும், குவாரிக் கூலிகளும் இழப்பீட்டு வரம்புக்கு வெளியே நின்றுவிடக்கூடும் என்பது அவர்களின் மற்றொரு கவலை.

மேற்கு வங்கத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது அட்டவணைப் பகுதிகள் இல்லை. எனவே, அப்பகுதிகளில் கிராம சபைகளுக்குச் சிறப்பு அதிகாரம் அளிக்கும் 1996-ஆம் ஆண்டு பெசா சட்டம் இங்குப் பொருந்தாது. எனினும், பழங்குடியினரின் நிலம் பிறருக்குக் கைமாறுவதை மாநில நிலச் சீர்திருத்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வன நிலங்களைப் பொறுத்தவரை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் உண்டு.

தற்போதைய கட்டம்

2025 பிப்ரவரியில் கொல்கத்தாவில் நடைபெற்ற உலக வர்த்தக மாநாட்டில் முதல்வர் அறிவித்ததைத் தொடர்ந்து, சாந்தா மௌசாவில் அரசு நிலத்தில் பசால்ட் பாறையை அகற்றும் பணி தொடங்கியது. பாறைக்கு அடியிலுள்ள நிலக்கரியை எட்டுவது அதற்கு அடுத்த கட்டமாகும்.